திருநர் சித்திர மரபும் அதன் அளவுகோலும்

ஒருவருடைய உருவத்தைச் சித்திரமாக எழுதுங்கால் முகச்சாயல் பொருந்திவிட்டால் மட்டும் போதாது. அவர் தம்மை எவ்வாறு அறிந்திருக்கிறாரோ அவ்வாறே காண்போரும் அறியச் செய்வதுதான் அக்கலையின் தர்மம். திருநர்களைப் பற்றிய சித்திரங்களையும் புகைப்படங்களையும் இந்த அளவுகோல் கொண்டு நோக்கினால், அவற்றிடையே நான்கு பாணிகள் புலப்படும்.

முதலாவது, சம்பிரதாயமான உருவச்சித்திரம். பிரெஞ்சு ராஜ்ஜியத்தின் தூதராகவும் போர்வீரராகவும் விளங்கி, 1777 முதல் பெண்ணாகவே வாழ்ந்த ஷெவாலியே தேயோனை, கேலிச்சித்திரக்காரர்கள் பரிகசித்து அச்சிட்ட அக்காலத்திலேயே, தாமஸ் ஸ்டூவர்ட் 1792-இல் கௌரவமாகத் தீட்டினார். கறுப்பு அங்கி, இறகு சூடிய தொப்பியில் புரட்சியின் மூவர்ணச் சின்னம், மார்பில் செயிண்ட் லூயி பதக்கம், மோவாயில் மழித்த மயிரின் மெல்லிய நிழல் ஆகிய யாவும் அதில் ஒளிவின்றி விளங்குகின்றன. ஆயினும், பெயர் தெரியாத ஒரு பெண்மணியின் படமென்றே நெடுநாள் கருதப்பட்டு, உண்மை விளங்கிய பின்னரே, 2012-இல் லண்டன் தேசிய உருவச்சித்திரக் கூடத்தை அது அடைந்தது.

இரண்டாவது, தோழமைப் பாணி. ஸ்வீடன் தேசத்துப் புகைப்படக் கலைஞர் கிறிஸ்டர் ஸ்ட்ரோம்ஹோம், பாரிஸ் பிளாஸ் பிளாஞ்ச் வட்டாரத்துத் திருநங்கையரோடு அண்டை அயலாராக வாழ்ந்து, விடுதி அறைகளிலும் தெருவிளக்கொளியிலும் எடுத்த படங்கள் 1983-இல் நூலாயின. அவற்றில் வாஞ்சை நிறைந்திருக்கிறது. எனினும் கதையைச் சொல்பவர் படமெடுத்தவரே.

அக்குறையை மூன்றாவது பாணி தீர்க்க முற்பட்டது. புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் 2001-இல் வெளியிட்ட நூலில், டில்லியைச் சேர்ந்த மோனா அகமது தம் வாழ்க்கையைத் தம் கடிதங்களாலேயே சொல்கிறார். தென்னாப்பிரிக்காவின் ஜனேலே முஹோலி 2006 முதல் எடுத்துவரும் கறுப்பு வெள்ளைப் படங்களில், திருநர்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் நம்மை நேருக்கு நேர் நோக்குகின்றனர். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் ஊரும் ஆண்டும் உண்டு. சரித்திரத்தில் பெயரின்றி மறைக்கப்பட்ட பால்புதுமையினர்க்கு இத்தகைய படங்களே வம்சாவளி. ஆகவேதான் அவர்களுடைய கலாசாரத்தில் ஓவியக்கூடத்துக்கு, சுயமரியாதை ஊர்வலத்துக்கும் வானவில் கொடிக்கும் நிகரான ஸ்தானம் உண்டு.

நான்காவது பாணியில் தூரிகையே கை மாறுகிறது. 2016-இல் பெங்களூரில் தோன்றிய அரவாணி ஆர்ட் பிராஜெக்ட் என்னும் கூட்டுமுயற்சியில், திருநங்கையரே நகரத்துச் சுவர்களில் பெரும் ஓவியங்களைத் தீட்டுகின்றனர்.

இனிக் கண்காட்சி அமைப்போர், படத்தில் உள்ளவர் மனமுவந்து இசைந்தாரா, அவர் பெயர் அவர் விரும்பியவாறே பொறிக்கப்பட்டிருக்கிறதா, தீட்டிய கைக்கு உரிய ஊதியம் சேர்ந்ததா என்று விசாரித்த பின்னரே வர்ணத்தையும் வடிவத்தையும் போற்றுதல் வேண்டும். இம்மூன்றும் அமையாத படைப்பு, எத்துணை அழகுடையதாயினும், இம்மரபில் உத்தமமானதாகாது.