களமும் குரலும்: ‘புஷ்பா’ படங்களும் சித்தூர் வழக்கும்

திரையிற் கண்ட இடத்தை நேரிற் சென்று காணும் வேட்கை இன்று தனியொரு சுற்றுலா வகையாகவே வளர்ந்துள்ளது. கிரேக்க நாட்டுக் கெஃபலோனியாத் தீவுக்குச் செல்வோர், 2001இல் வெளிவந்த ‘கேப்டன் கொரெல்லிஸ் மேண்டலின்’ படமாக்கப்பெற்ற சாமி துறைமுகத்தையும் அன்டிசாமோஸ் கடற்கரையையும் தேடிச் செல்கின்றனர். கதை நிகழும் தீவிலேயே எடுக்கப்பெற்ற படம் அது. 1953ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பழைய நகரங்கள் அழிந்தமையால், போர்க்கால ஆர்கொஸ்டோலியைச் சாமியில் அரங்கமாக எழுப்ப வேண்டியிருந்தது. ஆயினும் மலையும் கடலும் அத்தீவினவே. அங்கே மெய்யல்லாதது மொழி; கிரேக்கரும் இத்தாலியரும் அப்படத்தில் ஆங்கிலமே பேசுகின்றனர்.

இதற்கு நேர்மாறானது சுகுமார் இயக்கிய ‘புஷ்பா’ (2021). அதன் கதைக்களம் திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசல மலைக்காடு. காட்டுக் காட்சிகளிற் பெரும்பகுதி எடுக்கப்பெற்றதோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மாரேடுமில்லியில். செம்மரம் வறண்ட, பாறை செறிந்த சரிவுகளில் வளர்வது. மாரேடுமில்லியோ ஈரமும் அடர்ந்த பசுமையும் மிக்க காடு. படத்தின் நினைவோடு தலக்கோனைக்கு வருபவர் திரையிற் கண்ட காட்டைக் காணமாட்டார். மாரேடுமில்லிக்குச் செல்பவரோ காட்டைக் காண்பார். படத்திற் கேட்ட பேச்சைக் கேட்கமாட்டார். ஆக, இப்படத்தை அதன் மண்ணோடு பிணைப்பது காட்சி அன்று, நாயகன் வாயில் ஒலிக்கும் சித்தூர் வழக்கே. நாயகனாக நடித்த அல்லு அர்ஜுன் 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றமைக்கு அவ்வழக்கின் பங்கும் சிறிதன்று என்பது எம் கருத்து.

பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொழிற்சொற்களைத் திரட்டி 1962இல் வெளியிட்ட ‘மாண்டலிக விருத்தி பத கோசம்’ முதல் தொகுதி, தெலுங்கு வட்டார வழக்கு ஆய்வுக்கு அடிப்படை அமைத்தது. அவர் வகுத்த நான்கு வழக்குகளுள் தென்வழக்கைச் சார்ந்தது சித்தூர்ப் பேச்சு. நாமினி சுப்ரமண்யம் நாயுடுவின் ‘மிட்டூரோடி கதலு’ அதனை இலக்கியத்தில் நிலைபெறச் செய்தது. திரையிலோ வட்டாரப் பேச்சு நெடுங்காலம் நகைச்சுவைக்கும் தீயவர்க்கும் உரியதாகவே இருந்து வந்தது. முதன்மை நாயகன் முழுப்படத்திலும் அதனைப் பேசுவது இவ்வகையில் ஒரு மாற்றமே.

இனி, இப்பேச்சைத் தமிழாக்குவோர் நிலை யாது? ‘லேது’ என்னும் எதிர்மறை ‘லே’ எனக் குறுகி நிற்பது இவ்வழக்கிற் செவிக்கு உடனே புலப்படும் கூறு. ‘வரலெ’, ‘தெரியலெ’ எனத் தமிழ்ப் பேச்சில் ‘இல்லை’ குறுகுவதும் இத்தகையதே; இரண்டற்கும் வேர் ‘இல்’. தமிழ்ச் செவி பெயர்ப்பின்றியே பாதி உணரக்கூடிய ஒரு மொழியைப் பெயர்க்கும்போது பொருள் நன்கு வந்து சேரும், அண்மை போய்விடும். தொல்காப்பியப் பாயிரம் வடவெல்லையாகக் கூறும் வேங்கடத்தின் அடிவாரத்து மொழி, எவ்வூர்க்கும் உரியதல்லாத திரைத்தமிழாக மாறுமாயின் அதனை இழப்பு என்றே கூற வேண்டும்.

சொற்களும் இவ்வாறே. கடத்திய மரத்தை வாங்கும் வணிகனுக்குப் படத்திற் ‘சென்னை முருகன்’ என்று பெயர். தெலுங்குக் கேட்போனுக்கு அதிலுள்ள ஊர்ப்பெயரும் தெய்வப்பெயரும் சேர்ந்து ‘அயலான்’ என அறிவிக்கும். தமிழில் அதே பெயர் அடுத்த தெருக்காரனுடையது போல் ஒலிக்கும். எழுத்து மாறாமற் பெயர்ந்தும் குறிப்புப்பொருள் தலைகீழாகிவிடுகிறது.

இரண்டாம் பாகத்தில் (2024) நாயகன் பெண்கோலம் பூணும் திருவிழா, திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையைத் தழுவியது. களம் தேடுவோர் உண்மையிற் காண வேண்டியது மே மாதத்துத் திருப்பதித் தெருக்களையே. பெண்களை வருத்திய ‘பாலெகாடு’ அஞ்சி ஒளிய, கங்கம்மா நாளொரு வேடம் பூண்டு அவனைத் தேடினாள் என்பது தலக்கதை. பைராகி, தோட்டி முதலிய வேடங்களுக்குப் பின் ‘தொர’ வேடம் கண்டு அவன் வெளிப்பட, அவள் அவனைக் கொன்றாள். ‘தொர’ என்பதைத் ‘துரை’ என்றால் தமிழர் மனத்தில் வெள்ளைக்கார அதிகாரியே முதலில் தோன்றுவான். ‘பாலெகாடு’ என்பதன் இணைச்சொல்லோ ‘பாளையக்காரன்’. கட்டபொம்மன் வழியாக வீரத்தின் பெயராகத் தமிழிற் பதிந்துவிட்ட அச்சொல், திருப்பதியிற் கொடுமையின் பெயர். சொல்லளவிற் சரியான பெயர்ப்பே இங்குக் கதையைக் கெடுக்கும்.

மிகுந்த கவனம் வேண்டுவது ‘கூலி’ என்னும் சொல். மரம் வெட்டும் கூலியாகத் தொடங்கி உயர்பவன் புஷ்பா. அதே சேஷாசலக் காட்டில் 2015 ஏப்ரல் 7ஆம் நாள் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் ஆந்திர அதிரடிப்படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். கூலி, மரவெட்டி, கடத்தல்காரன் என்னும் மூன்று சொற்களும் ஒரே மனிதனைச் சுட்டலாம்; ஆனால் எது தேர்ந்தெடுக்கப்படுகிறதோ அதனுள் தீர்ப்பும் அடங்கிவிடுகிறது. தமிழ் வடிவத்தில் அனைவரும் தமிழே பேசுவதால், எல்லை கடந்து சென்றவன் யார், அக்காட்டுக்குரியவன் யார் என்பதே செவிக்குப் புலப்படாது. இதற்கு வழி இல்லாமலில்லை. சித்தூர் 1911 வரை வடார்க்காட்டின் தலைநகராக இருந்தது. அவ்வட்டாரத் தமிழை நாயகனுக்கும், சவ்வாது மலைப் பேச்சைக் கூலிகளுக்கும் அளித்தால் இருவர்க்கிடையே தொலைவும் உறவும் ஒருங்கே கேட்கும். மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில் 1997இல் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகம் இத்தகைய எல்லைப் பேச்சுகளுக்கு ஒலிப்பதிவுத் தொகுப்பொன்று உருவாக்குமாயின், மொழிமாற்று உரையாடல் எழுதுவோர்க்கு அதுவே முதற்கருவியாகும்.