இலங்கையிலும் இந்தியாவிலும் சாரணர் கூட்டமும் பாசறையும்

ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்ட அணி, அத்தகைய சில அணிகள் சேர்ந்த துருப்பு, வாரம் ஒரு கூட்டம், ஆண்டுக்கு ஓரிரு பாசறை: சாரணர் இயக்கத்தின் கட்டமைப்பு எந்த நாட்டிலும் இவ்வளவுதான். 1907இல் பிரவுன்சீ தீவில் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய சோதனைப் பாசறையிலேயே அணி முறை வந்துவிட்டது. அடுத்த ஐந்தாண்டுக்குள் இந்தியாவும் இலங்கையும் அதை எடுத்துக்கொண்டன. ஆனால் காலப்போக்கில் இலங்கையில் பள்ளித் துருப்பும் இந்தியாவில் படிநிலைத் தேர்வும் இயக்கத்தின் அச்சாகிவிட்டன. கூட்டம் நடக்கும் விதம், பாசறையின் போக்கு, சேவை, விருது என்று இரு நாடுகளுக்கும் இடையே தென்படும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவையே.

இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. 1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் தொடங்கிய முதல் துருப்பில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. இந்தியப் பிள்ளைகள் வெளியே நிறுத்தப்பட்டதால் அவர்களுக்கென்று தனிச் சங்கங்கள் முளைத்தன. 1916இல் அன்னி பெசன்ட்டும் ஜி. எஸ். அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கான சாரணர் சங்கத்தைத் தொடங்கினர். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேவா சமிதி சாரணர்களை வளர்த்தனர். 1921இல் பேடன் பவல் நேரில் வந்தபோது பெசன்ட்டின் சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்றுதான் சங்கங்கள் கலந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. இலங்கையில் 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் நில அளவையாளர் எஃப். ஜி. ஸ்டீவன்ஸ் முதல் துருப்பைத் தொடங்கினார். அங்கே இத்தகைய பிளவுகள் தோன்றவில்லை. பள்ளியிலிருந்து பள்ளிக்குத் துருப்புகள் பரவின. 1957இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியே இலங்கைச் சாரணர் சங்கம் சட்டத் தகுதி பெற்றது. தனித்தனி வழக்கங்களோடு வந்த சங்கங்களை ஒரே வரிசையில் நிறுத்த இந்தியாவுக்கு ஒரு பொதுப் பாடத்திட்டம் தேவைப்பட்டது. இலங்கைக்கு அந்த நெருக்கடி இல்லை.

வாரக் கூட்டத்தின் வரிசை இரு நாட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. குதிரை லாட வடிவில் நின்று கொடியேற்றம், வழிபாடு, சீருடைச் சோதனை, ஒரு விளையாட்டு, முடிச்சுப் பயிற்சி, அணிகள் தனித்தனியே கூடிப் பேசும் நேரம், அறிவிப்புகள், கொடியிறக்கம். சீருடைச் சோதனையில் கழுத்துத் துணியின் மடிப்பும் நகமும் தப்பாமல் பார்க்கப்படும். அணிக்கு மதிப்பெண் குறையும் என்பதால், சட்டைப் பொத்தான் அறுந்த பையனுக்குப் பக்கத்திலிருப்பவன் ஊக்கு தேடித் தருவான். அணி முறை பிள்ளைகளிடம் வேலை செய்கிறதா என்று பார்க்க விரும்புபவர் இந்த ஐந்து நிமிடத்தைக் கவனித்தால் போதும்.

கூட்டத்தை யார் நடத்துகிறார் என்பதில்தான் பாதை பிரிகிறது. கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் பழைய கல்லூரிகளில் சாரண ஆசிரியர் பொறுப்பில் இருந்தாலும், முடிச்சு சொல்லிக்கொடுப்பதும் அணிகளை மேய்ப்பதும் பெரும்பாலும் மூத்த சாரணர்களும் பள்ளியை விட்டுப் போன பழைய மாணவர்களும்தான். துருப்புக்கு ஓர் எண் இருக்கும். அதற்கென ஒரு பழமையும் அதைப் பற்றிய பெருமையும் இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படை என்று அழைக்கப்படும் அதே அமைப்பு, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரையே நம்பி நிற்கிறது. அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் படையும் ஓராண்டு, ஈராண்டு தூங்கிவிடுவது அரிதல்ல. அணித் தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் ‘கோர்ட் ஆஃப் ஆனர்’ இரு நாட்டு விதிகளிலும் உண்டு. அதற்கு உயிர் இருப்பது மூத்தவர்கள் விட்டுப் போகாத துருப்புகளில்தான்.

இந்தியக் கூட்டத்தின் வழிபாட்டுப் பாடலும் கொடிப் பாடலும் இந்தியில் அமைந்தவை. 1968 முதல் இருமொழிக் கொள்கை நடக்கும் தமிழ்நாட்டில், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அறிமுகமாகும் முதல் இந்தி வரிகள் இவையாகத்தான் இருக்கும். குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, பொருள் பாதி புரிந்தும் புரியாமலும் பாடிவிடுகிறார்கள். இலங்கையில் பள்ளியின் பயிற்று மொழியே துருப்பின் மொழி. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் காலியின் சிங்களப் பிள்ளையும் சந்திக்கும்போதுதான் மொழி ஒரு சிக்கலாகிறது. அப்போது ஆங்கிலக் கட்டளைகளும் கை ஜாடையும் கைகொடுக்கின்றன.

சமயத்தை இந்திய இயக்கம் விதியிலேயே கையாண்டிருக்கிறது. உறுதிமொழியில் ‘கடவுள்’ என்று சொல்ல விரும்பாதவர் ‘தர்மம்’ என்று சொல்லலாம். பாசறைகளில் எல்லாச் சமயப் பாடல்களும் அடுத்தடுத்து இடம்பெறும் சர்வ சமயப் பிரார்த்தனை வழக்கமான நிகழ்ச்சி. உடற்பயிற்சியிலும் பேடன் பவலின் ஆறு பயிற்சிகளோடு சூரிய நமஸ்காரம் சேர்ந்துகொண்டது.

படிநிலைகளைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். இந்தியச் சாரணர் பிரவேஷில் தொடங்கி பிரதம சோபான், துவிதீய சோபான், திரிதீய சோபான் என்று ஏறி, மாநில அளவில் ராஜ்ய புரஸ்காரும் தேசிய அளவில் ராஷ்டிரபதி விருதும் பெறலாம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சக் கால இடைவெளி உண்டு. மேல்நிலைகளுக்கு மாவட்டமோ மாநிலமோ நடத்தும் தேர்வு முகாமில் கலந்துகொண்டே தீர வேண்டும். இலங்கையில் அங்கத்துவச் சின்னம், சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது, இறுதியில் ஜனாதிபதி விருது. உச்சத்தில் இங்கும் மாவட்ட, தேசியச் சோதனைகள் உண்டு. அவை எளிதும் அல்ல. எனினும் வழியெங்கும் சேர்க்க வேண்டிய திறன் சின்னங்களுக்கான உழைப்பு துருப்புக்குள்ளேயே நடக்கிறது. கல்லூரிப் பலகையில் ஜனாதிபதி சாரணர்களின் பெயர்கள் பொறிக்கப்படுவதும் உண்டு. அதே பெயர்களைப் பார்த்தபடியே அடுத்த தொகுதி வளர்கிறது.

பாசறைக்கு வந்தால் இலங்கைச் சாரணரின் தனித்திறன் கயிறும் கம்பும். கூடாரம் அடித்த கையோடு அணிகள் வேலி போடும், நுழைவாயில் எழுப்பும். ஆணி ஒன்றுகூட அடிக்காமல் கட்டுகளால் மட்டுமே நிற்கும் நுழைவாயில் அது. அதன் சதுரக் கட்டு இப்படித்தான்: முதலில் நிற்கும் மரத்தில் ‘குளோவ் ஹிட்ச்’ முடிச்சு. குறுக்கு மரத்தை அதன் மேல் வைத்து, கயிற்றை மரங்களுக்கு முன்னும் பின்னுமாக மூன்று சுற்று. பிறகு இரு மரங்களுக்கும் நடுவே புகுத்தி, முதல் சுற்றுகளை நெருக்கிப் பிடிக்கும்படி இரண்டு சுற்று. முடிவில் மறுபடி ஒரு ‘குளோவ் ஹிட்ச்’. இந்த நடுச்சுற்றை இழுத்து இறுக்கும் போதுதான் கட்டு கட்டாகிறது. அதைச் சோம்பேறித்தனமாகச் சுற்றினால் வெயில் ஏற மரம் காய்ந்து சுருங்கும், மாலைக்குள் வாயில் சாயும். தட்டு வைக்கும் அடுக்கு, செருப்பு மாட்டும் சட்டம், கை கழுவும் தாங்கி என்று அணிக்கு அணி போட்டி போட்டுச் செய்வார்கள். மாவட்டப் பாசறைகளில் இவற்றுக்கு மதிப்பெண் உண்டு. வெளியார் கண்ணுக்கு விளையாட்டாகத் தெரியும் இந்தப் போட்டிக்காகத் துருப்புகள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும்.

இந்தியாவிலும் இதே கட்டுகள் பாடத்திட்டத்தில் உள்ளன. திசைகாட்டி, வரைபடம், முதலுதவி, உத்தேச அளவீடு, பாத்திரமில்லாச் சமையல் எல்லாம் உண்டு. மண் பூசிய உருளைக்கிழங்கைக் கனலில் புதைத்துச் சுடுவதும் இலையில் சுற்றி வேகவைப்பதும் பிள்ளைகள் விரும்பிச் செய்பவை. சிக்கல் கால அளவில்தான். மூன்று, நான்கு நாள் தேர்வு முகாமில் பல பள்ளிப் பிள்ளைகள் கலந்து உட்கார, ஒவ்வொரு திறனையும் தேர்வாளர் முன் செய்து காட்டி, பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. பொதுச் சமையலில் சோறு பரிமாறப்படும்போது அணிச் சமையல் ஒரு வேளைச் செய்முறையாகச் சுருங்கிவிடுகிறது. இலங்கைத் துருப்பின் வார இறுதிப் பாசறையில் சோறு குழைந்தால் அந்த அணி குழைந்த சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

மலையேற்றத்தில் நிலைமை தலைகீழ். மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் தேசியப் பயிற்சி மையமும் தேசிய சாகச நிறுவனமும் நடத்தும் பாறையேற்றம் போன்ற பயிற்சிகளுக்கு நிகரான நிலையான ஏற்பாடு இலங்கையில் இல்லை. எனினும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சிவனொளிபாதமும் சில மணி நேரப் பயணத்தில் இருப்பதால் இலங்கைத் துருப்புகள் தாமே திட்டமிட்டுக் கிளம்பிவிடும்.

பாசறையின் கடைசி இரவு நெருப்பைச் சுற்றி நடக்கும் நிகழ்ச்சி, இலங்கைத் தமிழில் தீப்பாசறை, இரு நாட்டிலும் ஒரே சாயல் கொண்டது. ஆரவாரப் பாடல், அணிக்கு ஒரு நகைச்சுவை நாடகம், விதவிதமான கைதட்டல், தீ தணியத் தணிய மெல்லிய பாடல், பிறகு மௌனம். தமிழ்நாட்டில் நாட்டுப்புறப் பாட்டும் பறையும் சேரும்; இலங்கையில் பைலாவின் தாளம் சேரும். ஆசிரியர்களைக் கேலி செய்ய ஆண்டில் ஒருநாள் அனுமதி கிடைக்கும் என்பதால் நாடகங்களின் கருப்பொருள் எங்கும் ஒன்றுதான்.

பெருவிழாவான ஜம்போறியில் அளவு வேறு. இலங்கையின் 9ஆவது தேசிய ஜம்போறி 2016இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. போர் முடிந்து ஏழாண்டு ஆகியிருந்த ஊரில், தென்பகுதிப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே திடலில் கூடாரம் அடித்தது வெறும் சாரணர் செய்தியாக மட்டும் பார்க்கப்படவில்லை. அடுத்த ஜம்போறி 2024இல் திருகோணமலையில். இந்தியாவில் 18ஆவது தேசிய ஜம்போறி 2023 ஜனவரியில் ராஜஸ்தானின் பாலி மாவட்டம் ரோஹட்டில் கூடியது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழா ஜம்போறி 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை திருச்சி அருகே மணப்பாறையில் நடந்தபோது பல மாநிலங்களின் பிள்ளைகள் அங்கு வந்து தங்கினர். இந்தியப் பெருவிழாவில் மாநிலங்கள் தங்கள் உணவையும் உடையையும் ஆட்டத்தையும் கொண்டுவந்து காட்டுவதே மையம். சாரணத் திறன் போட்டிகள் சற்றுப் பின்னுக்குப் போகின்றன.

துருப்புக்குப் பணம் வரும் வழியிலும் குணம் தெரிகிறது. இலங்கையின் வேலை வாரத்தில் சாரணர் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வீடுவீடாக, கடைகடையாகப் போவார்கள். முற்றம் கூட்டுவது, வாகனம் கழுவுவது, கோப்பு அடுக்குவது என்று சொன்ன வேலையைச் செய்து, கொடுத்த காசை அட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வேலை செய்யாமல் காசு வாங்குவது இழுக்கு. வீட்டுக்காரர் இரக்கப்பட்டுச் சும்மா காசு நீட்டும்போது பையன் முழிப்பது வழக்கமான காட்சி. இந்தியாவிலும் உழைத்துச் சம்பாதிக்கும் ‘கரி கமாய்’ ஏட்டில் உண்டு. நடைமுறையில் தெரிவது நவம்பர் 7 கொடிநாளில் விற்கப்படும் ஒட்டுச்சீட்டுகளே. சேவை என்றால், பெருந்திரள் கூடும் விழாக்களில் பணி செய்வதில் இந்தியாவுக்கு நெடிய மரபு. கும்பமேளாவில் சேவா சமிதி காலத்திலிருந்து சாரணர்கள் நிற்கிறார்கள். இலங்கையில் நல்லூர்த் திருவிழாவும் கண்டி எசல பெரஹராவும் அதே பணியைக் கேட்கின்றன.

பெண்களை இணைப்பதில் இந்தியா வேறு வழி போனது. 1951இல் வழிகாட்டிப் பெண்கள் சங்கம் இணைந்த பிறகு சாரணரும் சாரணியரும் ஒரே அமைப்பின் கீழ், ஒரே வரிசைப் படிகளில் ஏறுகிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளி விழாக்களில் சாரணியர் அணிவகுப்பு சாரணருக்குச் சளைத்ததல்ல. இலங்கையில் 1917இல் கண்டியில் தொடங்கிய பெண்கள் இயக்கம் இன்றும் தனிச் சங்கம். தேர்வு, தலைமையகம் எல்லாம் தனித்தனி.

பள்ளி முடிந்த பின் விருது என்ன ஆகிறது என்பது கடைசி வேறுபாடு. இந்திய இரயில்வேக்கு இயக்கத்துக்குள்ளேயே தனி மாநிலங்களுக்கு இணையான பிரிவுகள் உண்டு. இரயில்வே வேலைகளில் சாரணர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது; அதற்கு ராஷ்டிரபதி விருது போன்ற உயர் தகுதிகளோடு தேசிய, மாநில நிகழ்ச்சிகளில் பங்கேற்ற சான்றும் கேட்கப்படும். பக்கத்துக் கேரளத்தில் ராஜ்ய புரஸ்காருக்குப் பத்தாம் வகுப்பில் கருணை மதிப்பெண் உண்டு. பெற்றோர் முகாம் கட்டணம் கட்டுவதற்கும், பையன் பதிவேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதற்கும் இவை நியாயமான காரணங்கள். பிற்பட்ட ஊர்ப் பள்ளிகளிலும் இயக்கம் உயிரோடிருக்க இவையே காரணம் என்றும் சொல்லலாம். இலங்கையில் ஜனாதிபதி சாரணருக்கு இப்படி ஒரு வேலை வாசல் திறந்திருப்பதில்லை. விருது தன்விவரப் பட்டியலில் ஒரு வரியாக இடம்பெறும். பதினெட்டு வயதுக்குப் பின் விரும்பியவர் மூத்தோர் பிரிவில் திரிசாரணராகத் தொடர்வார், மற்றவர் தங்கள் தொழிலைப் பார்த்துப் போவார். அவர்களில் சிலர் சனிக்கிழமைகளில் பழைய கல்லூரி மைதானத்துக்கு வந்து அடுத்த தொகுதிக்குச் சதுரக் கட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.