வேர் தெரிந்த பல்லுக்கு ஒட்டு

தமிழகத்தார் ஈறு என்பதை இலங்கையில் நாம் முரசு என்போம். அம்முரசு வியாதியினாற் சிதைந்து தேய்ந்து, பல்லின் வேர் வெளித்தெரியும் அளவுக்குப் பின்வாங்கியபின், மேலண்ணத்திலிருந்து மெல்லிய சதைத்துண்டொன்றைக் கொய்து அவ்வேரின்மேற் போர்த்தித் தைத்துவிட்டால் பழைய வாய் மீண்டுவிடுமா என்று பசறைப் பக்கத்து நண்பரொருவர் என்னைக் கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையளிக்கத்தக்க வினாவாக அது எனக்குத் தோன்றவில்லை.

இச்சிகிச்சையின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வது நியாயம். 1960களில் கையாளப்பட்ட முறையில் அண்ணத்தின் மேற்றோலோடு கூடிய துண்டையே எடுத்து ஒட்டினார்கள். அது பற்றிக்கொண்டாலும், செந்நிற முரசின் நடுவே வெளிறிய திட்டாக, கிழிந்த சட்டைக்கு வேறு துணியில் ஒட்டுப் போட்டதுபோல நின்றது. அண்ணத்திலோ தோலுரிந்த புண் ஆறுமட்டும் காரமான குழம்பை நினைக்கவே முடியாது. 1985ஆம் ஆண்டில் லாங்கர் இணையர் வெளியிட்ட முறை இவ்விரு குறைகளையும் பெரிதும் தணித்தது. மேற்றோலை அங்கேயே விட்டு, அதன் கீழுள்ள இணைப்புத் திசுவை மாத்திரம் உருவியெடுத்து, பல்லருகே முரசை உறைபோல் விரித்து அதனுள் அதைச் செருகும்போது, ஒட்டுக்கு மேலும் கீழும் இரத்தவோட்டம் கிட்டுகிறது. நிறமும் இயல்பாய்ப் பொருந்துகிறது. தகுந்த பல்லில், தேர்ந்த கையினால் செய்யப்பட்டால், வேர் முழுவதும் மறைவதும் குளிர்நீர் பட்டாற் கூசும் துன்பம் தணிவதும் சாத்தியமே.

தகுந்த பல் எது என்பதிலேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வெறும் வேரில் இரத்தக்குழாய் கிடையாது. ஆகவே அதன்மீது கிடத்தப்பட்ட துண்டு முதலிரு நாட்கள் அக்கம்பக்கத்துச் சதையிலிருந்து ஊறும் நீரை உண்டு பிழைத்து, பின்னர் அங்கிருந்தே நாளங்களைப் பெற்றாக வேண்டும். இரு பற்களுக்கிடையே எலும்பும், அதன்மேற் கூம்பாய் நிமிர்ந்த முரசும் உயரம் குன்றாதிருந்தால் அந்தப் போஷணை கிடைக்கும்; குன்றியிருந்தால் கிடையாது. அதே 1985இல் மில்லர் என்பார் முரசிறக்கத்தை நான்கு வகுப்புகளாகப் பிரித்தபோது, முதலிரண்டில் முழுமையாக மூடலாம், மூன்றாவதில் ஓரளவே மூடலாம், நான்காவதில் எதிர்பார்ப்பதற்கில்லை என்று வரையறுத்ததன் அடிப்படை இதுவே. முரசுநோயோ அந்தப் பல்லிடை எலும்பைத்தான் தின்கிறது. நோய்க்குப்பின் செய்யும் ஒட்டுக்கு, நோயே முன்கூட்டி நிலத்தைப் பறித்துவிடுகிறது.

இவ்வுண்மையை உலகுக்கு விளக்கிய வாய்கள் நம்மவருடையவை என்பது பலருக்குத் தெரியாது. ஹரால்ட் லோ என்னும் நோர்வே அறிஞரும் அவருடைய கூட்டத்தாரும் 1970இல் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளரின் பற்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985வரை அவர்களையே திரும்பத் திரும்பப் பார்த்தனர். ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி லயன் லயனாகச் சனங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம் அது. முதலில் வந்தோரில் கடைசிப் பரிசோதனைக்கு வந்தோர் 161 பேர். அவர்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் விரைந்து பரவியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. இதே கூட்டத்தார் 1992இல் வெளியிட்ட கட்டுரை நம் வினாவுக்கு இன்னும் நெருங்கியது. அதில் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட, நன்றாகப் பல் துலக்கிய ஒஸ்லோ நகரத்துப் படித்தவர்களுக்கும் முரசு இறங்கியிருந்தது, ஆனால் பெரும்பாலும் கன்னத்தை நோக்கிய புறத்தில் மாத்திரம். தோட்டத்தாருக்கோ முப்பது வயதுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு, கன்னப்புறம், நாப்புறம், பல்லிடை என்று எங்கணும் இறங்கியிருந்தது. முன்னையது துலக்கித் தேய்ந்தது. பின்னையது நோய் கரைத்தது. ஒட்டுக்கு உகந்தது ஒஸ்லோ வாயே. எவ்விதப் பல்வைத்தியமும் கிட்டாத மக்கள் என்பதனாலேயே தோட்டத்தார் ஆய்வுக்குப் பெறுமதியுடையவராயினர் என்பதை நினைக்குந்தோறும், அந்த அறிவுக்கு நன்றி சொல்வதா, அதன் விலையை எண்ணி வெட்குவதா என்று எனக்குத் தெளிவதில்லை.

சரிவில் மேல்மண் கழுவுண்டு தேயிலைத்தூரின் வேர் வெளிக்கிளம்பினால், முதலில் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பாமல் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுப் போகும் கங்காணியை நமுனுகுலைச் சரிவில் எவரும் மதிக்கமாட்டார். வாயிலும் அப்படியே. காரையைச் சுரண்டி அகற்றி, சில வாரங்கள் பொறுத்து, முரசு இரத்தம் கசியாது இறுகியதை உறுதிசெய்த பின்னரே கத்தியை எடுக்கலாம். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் ஓயாது மெல்லும் வாயில் இன்னொரு விக்கினமும் உண்டு: பாக்கினால் உட்சதை நார்போல் இறுகி வாய் திறவாமற் போகுமாயின், அண்ணத்திலிருந்து துண்டெடுக்கக் கருவி நுழைவதே கடினம், புகைப்பவர் வாயில் ஒட்டு வேரை மூடும் அளவும் குறைகிறது.

சிகிச்சையை விவரிக்கும் நூல்கள் கணக்கிடாத செலவொன்று தோட்டத்தில் உண்டு. சுரண்ட ஒரு நாள், மறுபார்வைக்கு ஒரு நாள், ஒட்டுக்கு ஒரு நாள், தையல் பிரிக்க ஒரு நாள். அரசினர் வைத்தியசாலையில் காசு கேட்கமாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாட்கூலி, போகிறது. நிபுணரைத் தேடிப் பேராதனைப் பல்வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டால் மலைப்பாதையிற் பிரயாணமும் சேரும். இதைக் காட்டி, தொழிலாளிக்கு ஒட்டு ஆடம்பரம் என்பாரும் உளர். அது எனக்குச் சம்மதமன்று. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தன் சிரிப்பின்மேல் உள்ள உரிமை கொழும்புச் சீமாட்டியின் உரிமைக்குக் குறைந்ததன்று. பலிக்கக்கூடிய பல்லில் அது கிடைக்க வேண்டும், பலிக்காத பல்லில் எவருக்கும் விற்கப்படலாகாது. அண்ணத்தைப் புண்படுத்தாதிருக்கும்பொருட்டுப் பன்றித் தோலிலிருந்து ஆக்கிய படலங்களும் வந்துள்ளன. இணைப்புத் திசுவின் பயனை அவை பொதுவாக எட்டுவதில்லை, மேலும் நம் ஊரில் பலர் அதன் மூலத்தைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்வர்.

நண்பரின் வாயில் இருவகையும் இருந்தன. உமிக்கரியால் அழுத்தித் துலக்கித் தேய்ந்த வேட்டைப்பல் ஒன்று. அதன் இருமருங்கும் முரசுக் கூம்பு குலையாது நின்றது. கீழ் முன்பற்களுக்கிடையிலோ கூம்பிருந்த இடத்திற் கறுத்த முக்கோண இடைவெளிகள். பதுளையில் அவரைப் பார்த்த வைத்தியர், வேட்டைப்பல்லுக்கு ஒட்டுப் போடலாம், முன்பற்களுக்குக் காரை எடுத்து நோயை நிறுத்துவதோடு சரி என்றாராம். நண்பர் கேட்டுப் போனது முன்பற்களுக்கு.