வெள்ளாற்றங்கரைப் பெருந்துறை

அறந்தாங்கியிலிருந்து தென்கிழக்கே போகும் பேருந்தின் நெற்றியில் ஆவுடையார்கோயில் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சற்று நின்று ரசிக்க வேண்டும். மாணிக்கவாசகர் வந்தபோது இது திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்மூட்டையோடு வந்த அமைச்சர், இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். குதிரைப் பொன் கோயில் திருப்பணிக்குப் போயிற்று. வெள்ளாறும் கடலும் அருகருகே இருக்கும் மண்ணுக்குப் பெருந்துறை என்ற பெயர் எவ்வளவு விசாலமாகப் பொருந்துகிறது! திருவாசகப் பதிகங்கள் பலவற்றின் தலைப்பில் 'திருப்பெருந்துறையில் அருளியது' என்ற குறிப்பு உண்டு. ஓதுவார் நாவில் இன்றும் ஊருக்கு அதுதான் பெயர்.

ஆற்றங்கரை ஊர்கள் பெயர் மாறுவது உலக வழக்கம்தான். வோல்கா நதிக்கரையில் 1589-இல் கோட்டையாக எழுந்த சாரிட்சின், 1925-இல் ஸ்டாலின்கிராட் ஆனது. 1961-இல் வோல்கோகிராட் என்று நதியின் பெயரிலேயே போய்ச் சேர்ந்தது. நம் ஊரின் பெயரோ ஆற்றுத்துறையிலிருந்து எழுந்து கருவறைக்குள் போய் அமர்ந்துகொண்டது.

அந்தக் கருவறையைப் பாருங்கள். தெற்கு நோக்கிய சன்னதி. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. உள்ளே லிங்கத்தின் பாணமும் இல்லை, ஆவுடையார் மட்டும். அருவமான ஆத்மநாதருக்குப் பீடமே திருமேனி. அம்பாள் யோகாம்பாளுக்கும் உருவம் கிடையாது. பலகணி வழியே பாதங்களைத்தான் தரிசிக்கிறோம். நைவேத்தியம்கூட அப்படித்தான்: புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் படைகல்லில் கொட்டுவார்கள், எழும் ஆவியே இறைவனுக்கு உணவு. இத்தனை நுட்பமான வழிபாட்டில், கண்ணுக்குத் தெரிகிற அந்த ஒற்றைக் கல்லை ஊருக்கே பெயராகச் சூட்டிய மனசு எனக்கு மிகவும் பிடிக்கிறது.

உருவத்தை உள்ளே மறுத்த கோயில், வெளியே சிற்பிகளின் கையைத் தாராளமாக அவிழ்த்துவிட்டிருக்கிறது. மண்டபத்தின் விளிம்பில் நின்று அண்ணாந்து கொடுங்கையைப் பாருங்கள். வளைந்து இறங்கும் மரச்சட்டங்கள். அவற்றின் குறுக்கே மெல்லிய கம்பிகள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் குமிழ் குமிழாக ஆணித் தலைகள். தச்சன் நேற்று முடுக்கிவிட்டுப் போனது போல இருக்கும். அத்தனையும் கருங்கல்! கல்லின் கனத்தைச் செதுக்கிச் செதுக்கிக் கழித்து, ஓலைக் கூரையின் இலேசுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மழைநீர் வழியும் ஓரம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். ஓரிடத்தில் உளி அரை விரற்கடை ஆழமாக இறங்கியிருந்தால் அந்த வளைவு முழுக்கப் போயிருக்கும். இது நிஜமாகவே கல்தானா என்று சோதிக்க யாரோ துப்பாக்கியால் சுட்டதாகச் சொல்லி, ஊர்க்காரர்கள் துளையைக் காட்டுவார்கள். அந்தச் சந்தேகத்தைவிடப் பெரிய பாராட்டு ஒரு சிற்பிக்கு என்ன வேண்டும்?

கூரையின் மூலையில் தொங்கும் கல்சங்கிலியையும் விட்டுவிடாதீர்கள்.

பழைய ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, எதைக் கேட்டாலும் செய்து தருகிறோம், 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்ப்பார்களாம். இப்படி இந்த ஊரின் பெயர் கல்தச்சர்களின் ஓலைகளிலும் ஏறிக்கொண்டது.