புஷ் ஒன்று கடைய வேண்டும்

சங்கரன்கோவிலில் தகடு என்றதும் சங்கரநாராயணர் கோயில்தான் நினைவுக்கு வரும். பாம்பு, தேள் உருவத் தகடுகளை வாங்கி உண்டியலில் போடுவது இங்கே வேண்டுதல். பாம்பு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சாமி கோபித்துக்கொள்ளாது.

விசைத்தறி அப்படி விடாது.

சாதாரணத் தறியில் மேல் தண்டு 2 சுற்று சுற்றினால் கீழ்த் தண்டு 1 சுற்று. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் தறி உதறும். ஊரின் பிழைப்பே தறி என்பதால் உடனே லேத் பட்டறைக்கு ஓட வேண்டும். கைதேர்ந்த லேத்காரர் பழைய புஷ்ஷை நம்ப மாட்டார், தண்டின் அளவைத்தான் கேட்பார். தண்டும் தேய்ந்திருக்குமே! வெர்னியரில் அதை அளந்து, எண்ணெய் நுழைய மயிரிழை இடைவெளி விட்டு, கன்மெட்டலைக் கடைவார். இரும்பைப் போலச் சீவல் நீளச் சுருளாக வராது, பொடிப்பொடியாகத் தெறிக்கும். துளையின் உட்புறத்தை அவர் விரலால் தடவிப் பார்ப்பதே தனி அழகு.

ஆயிரக்கணக்கில் வேண்டுமானால் கோவைக்கு ஆர்டர் கொடுக்கலாம். அங்கே வரைபடம் வேண்டும், எவ்வளவு கூடலாம் குறையலாம் என்று எழுதியும் தர வேண்டும். ஒன்றே ஒன்று, அதுவும் தறி நிற்கும்போது என்றால் உள்ளூர்ப் பட்டறைதான் சரி. போகும்போது பழைய புஷ்ஷை மட்டும் கொண்டுபோகாதீர்கள். தண்டின் அளவும் கையில் இருக்கட்டும்.