பழைய புத்தகத்தின் விலையும் மதிப்பும்

பழைய புத்தகக் கடைக்காரர் ஒரு நாவலைக் கையில் எடுத்ததும் முதலில் அட்டையைத்தான் பார்க்கிறார். அட்டை பளபளவென்று இருந்தால் ஒரு விலை; மூலை மடங்கியிருந்தால் அதில் பாதி; உள்ளே யாராவது பெயர் எழுதியிருந்தால் இன்னும் குறைவு. வியாபாரத்துக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். இலக்கியத்துக்கு இது போதாது என்பது என் கட்சி.

1935-ல் இங்கிலாந்தில் பெங்குவின் நூல்கள் ஆறு பென்ஸுக்கு வந்தன. 1969-ல் நம் நாட்டில் ராணிமுத்து, அகிலனின் 'பொன்மலர்' நாவலை முதல் வெளியீடாக வைத்து, ஒரு ரூபாய்க்கு நாவல் கொடுக்கத் தொடங்கியது. இவை அலமாரியில் அலங்காரமாக நிற்பதற்குப் பிறந்தவை அல்ல. ரயிலிலும் அடுப்படியிலும் கை மாறிக் கை மாறிப் படிக்கப் பிறந்தவை. அப்படிப்பட்ட புத்தகம் ஐம்பது வருஷத்துக்குப் பிறகு புத்தம் புதிதாகக் கிடைத்தால், அதை யாரும் படிக்கவில்லை என்பதுதான் அநேகமாக அதன் பொருள்.

அதற்காகக் கந்தலெல்லாம் பொக்கிஷம் என்று நான் சொல்ல வரவில்லை. படித்ததால் வந்த தேய்வு வேறு. பேணாததால் வந்த கேடு வேறு. இந்த வித்தியாசத்தை ஏற்காட்டு மலையில் தெளிவாகப் பார்க்கலாம். சேர்வராயன் கோயில் இருப்பது 5,326 அடி உயரத்தில். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். அந்த ஈரத்தில் காகிதம் உப்புகிறது; பூஞ்சணம் பிடிக்கிறது; நடுவில் அடித்த கம்பி துருவேறிப் பக்கத்தை அரிக்கிறது. கீழே சேலத்து வெயிலிலோ, மலிவுக் காகிதத்தில் ஊறியிருக்கும் அமிலம் அதைப் பழுக்க வைத்து, அப்பளமாக நொறுக்கிவிடுகிறது. இந்தக் கேடுகள் விலையை மட்டுமா குறைக்கின்றன? புத்தகத்தையே அல்லவா கொன்றுவிடுகின்றன!

ஆகையால், வாங்குகிறவர்கள் அட்டையோடு நின்றுவிடக் கூடாது. பக்கங்களை எண்ணிப் பாருங்கள். கடைசிப் பாரம் இல்லாத துப்பறியும் நாவலை வாங்கி என்ன செய்வது? முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடை அடித்தால் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். பூஞ்சணம் அவற்றுக்கும் பரவும். ராமபாணம் ஓரத்தோடு நின்றதா, எழுத்தையும் தின்றதா என்று கவனியுங்கள். பதிப்பு விவரம் அச்சான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால், மடங்கிய மூலையை மன்னித்துவிடலாம்.

1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் பல. ஓரம் வெட்டுப்பட்டு, எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தொகுதி, அட்டைக் கணக்குப்படி ஒன்றுக்கும் ஆகாது. ஆனால் மணியத்தின் சித்திரங்கள் முதலில் அச்சான இடத்திலேயே இருப்பது அதில்தான்! கோட்டையூர் ரோஜா முத்தையாவும் பளபளப்பைப் பார்த்துச் சேகரித்தவர் அல்லர். 1992-ல் அவர் காலமானார். அவர் சேர்த்து வைத்தவற்றைக் கொண்டுதான் 1994-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது.

இதில் எனக்குச் சுயநலமும் உண்டு. என் நாவல் ஒன்று நடைபாதைக் கடையில், வாடகை நூல் நிலையத்தின் முத்திரையோடு, நாலைந்து பேர் பெயர் எழுதிக் கிடந்தால், கடைக்காரர் அதற்குப் பத்து ரூபாய் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. கசங்காமல் கிடந்தால்தான் வருத்தம்.