கோழிக்காலும் சட்டப்பிரிவும்: ஒரு தடையை வாசித்தல்

கோவையில் சிறு கூட்டமொன்றில் கியூபா மீதான அமெரிக்க வணிகத் தடை பற்றிப் பேசினேன். ‘முழு முற்றுகை’, ‘பட்டினி போட்டுப் பணியவைக்கும் ஏகாதிபத்தியம்’ என வழக்கமான சொற்களெல்லாம் தாமாகவே வந்து விழுந்தன. பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். “தடை தடைங்கறீங்க, அமெரிக்கா லெக் பீஸ் அங்க கப்பல் கப்பலாப் போகுதுங்களே, அதென்ன கணக்குங்க?” என்றார். உலக வர்த்தக அமைப்பு வழக்கில் 2015இல் இந்தியா தோற்றபோது, அமெரிக்கக் கோழிக்கால் நம் சந்தையில் வந்து கொட்டிவிடுமென்று பயந்து, அது எங்கெங்கே விற்கிறதென்று தேடிப் படித்தவர். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். பிரதி, வாசிப்பு என்று ஓயாமல் பேசுகிற நான் அந்தத் தடைச் சட்டங்களைப் பிரதியாக ஒருமுறைகூட வாசித்ததில்லை என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது. இது அவருக்கான தாமதமான பதில்.

கோழி போவது உண்மை. அதற்கு வழிசெய்த சட்டம் 2000 அக்டோபரில் கிளிண்டன் கையெழுத்திட்டது. வேளாண்மைத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டு மசோதாவோடு ஒட்டவைத்து நிறைவேற்றப்பட்டது. முன்னின்று தள்ளியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நெதர்கட். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த குடியரசுக் கட்சிக்காரர். அவர் தொகுதி கோதுமை விளைகிற தொகுதி. கியூபப் புரட்சியோடு அவருக்கு எந்த ஒட்டுறவும் கிடையாது. விற்காத கோதுமையோடுதான் உறவு.

இந்தச் சட்டம் ஒரு கதவைத் திறக்கும்போதே இன்னொன்றைப் பூட்டுகிறது. அமெரிக்க விவசாயி கியூபாவுக்கு உணவுப் பொருள் விற்கலாம், ஆனால் அமெரிக்க வங்கி கடன் தரக்கூடாது. முன்பணமாக ரொக்கம் வேண்டும், அல்லது வேற்றுநாட்டு வங்கி வழியாக வரவேண்டும். அதே சட்டத்தின் மற்றொரு பிரிவு அமெரிக்கர்கள் சுற்றுலாவாகக் கியூபா போவதைத் தடுக்கிறது. அதுவரை நிர்வாக விதியாக இருந்த தடை இதனால் சட்டமாகவே உறைந்துபோனது. கோதுமை போகலாம், கோதுமை விளைவித்தவன் விடுமுறைக்குப் போகக்கூடாது. கியூபாவின் சர்க்கரையோ சுருட்டோ வடக்கே வரவும் வழியில்லை. இந்தப் பிரதிக்குள் கியூபாவுக்கு ஒரு வாயும் ஒரு பணப்பையும் மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன; கைகள் இல்லை.

முதலில் காஸ்ட்ரோ இந்த நிபந்தனைகளில் ஒரு மணி தானியம்கூட வாங்கமாட்டோம் என்று மறுத்தார். 2001 நவம்பரில் மிஷேல் புயல் தீவைப் புரட்டிப்போட்டது. அமெரிக்கா நிவாரணம் தருவதாகச் சொன்னது. கியூபா, நிவாரணம் வேண்டாம், காசு கொடுத்தே வாங்குகிறோம் என்றது. டிசம்பரில் கப்பல்கள் ஹவானா வந்தன. 2008இல் இந்த விற்பனை ஏறத்தாழ 71 கோடி டாலரைத் தொட்டது. பிறகு குறைந்தது. கோழிக்கறி அதன் முதன்மையான சரக்காயிற்று. நெஞ்சுக்கறியைத் தானே விரும்பித் தின்கிற அமெரிக்கா காலை எங்கேயாவது தள்ளியாகவேண்டும். பல்லடத்துக்காரர் பயந்தது நியாயம்தான்.

இங்கேதான் ஆளுநர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் ஹவானாவுக்கு வரிசையாகப் போக ஆரம்பித்தார்கள். நெல்லுக்கு அர்கன்சா, கோதுமைக்கு மொன்டானாவும் கான்சாசும் என்று மாநிலவாரியாக. கியூபாவின் கொள்முதல் நிறுவனமான அலிம்போர்ட் சில சமயம் வாங்கும் ஒப்பந்தத்தோடு இன்னொரு தாளையும் நீட்டியது: தடையை நீக்கப் பாடுபடுவோம் என்ற உறுதிமொழி. தானியத்துக்கு டாலர், அந்த டாலரின் மீது வட்டியாகச் சொல். அதிகாரம் இல்லாதவன் தன் வாங்கும் சக்தியை இப்படிப் பேச்சாக மாற்றிக்கொள்வதில் எனக்கு ஒரு ரசனை உண்டு, மறைப்பானேன். ஆனால் அந்தப் பேச்சின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2003 மார்ச்சில் கியூப அரசு 75 எதிர்ப்பாளர்களைப் பிடித்துச் சிறையில் தள்ளியது. கப்பல்கள் நிற்கவில்லை. சரக்கு வாங்குகிறவன் வீட்டில் என்ன நடந்தால் விற்கிறவனுக்கென்ன. நம் சிறுபத்திரிகைகளும் அதைப்பற்றி வாயைத் திறக்கத் தயங்கின என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் ஹவானாவில் சொல்லப்பட்ட சொற்களுக்கு மதிப்பு எவ்வளவு? 2005 பிப்ரவரியில் அமெரிக்க நிதித்துறை ‘முன்பண ரொக்கம்’ என்ற தொடருக்குப் புது விளக்கம் தந்தது. சரக்கு ஹவானாவில் இறங்கிக் கைமாறுவதற்கு முன் பணம் வந்தால் போதும் என்பதுதான் அதுவரை வழக்கம். இனிமேல் அமெரிக்கத் துறைமுகத்தை விட்டுக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே வந்தாகவேண்டும் என்றார்கள். சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. ‘முன்’ என்ற சொல்லுக்கு எதற்கு முன் என்பது மட்டும் மாறியது. பிரதியின் அர்த்தம் வாசகனிடம் இருக்கிறது என்று நாம் எழுதித் தள்ளினோமே, அந்த வாசகன் நிதித்துறை அதிகாரியாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தோமா? மொன்டானா செனட்டர் மாக்ஸ் பாக்கஸ், நிதித்துறைக்கான நியமனங்களையே நிறுத்திவைத்துப் பார்த்தார். அந்தத் தொடர் பழைய அர்த்தத்துக்குத் திரும்ப வருஷக்கணக்காயிற்று.

இதைவிடப் பெரிய விஷயம் 1996இல் நடந்துவிட்டது. ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் அதுவரையிலான தடை முழுவதையும் சட்டமாக்கியது. அதற்குமுன் கென்னடி 1962இல் ஓர் ஆணையால் போட்டதை இன்னொரு ஜனாதிபதி ஓர் ஆணையால் எடுத்திருக்கலாம். வியட்நாம் விஷயத்தில் அதுதான் நடந்தது. 1994 ஜனவரியில் கெர்ரி, மக்கெய்ன் என்ற இரு செனட்டர்கள், இருவருமே அந்தப் போரில் சண்டையிட்டவர்கள், தடையை நீக்கச்சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே கிளிண்டன் நீக்கினார். கியூபாவுக்கு அந்த வழி அடைபட்டது. சாவி இப்போது பாராளுமன்றத்திடம். ஆக, ஹவானாவில் இறங்கி, தடை தவறு, அது நீங்கவேண்டும் என்று பேட்டி கொடுக்கிற உறுப்பினர் யாரிடம் முறையிடுகிறார்? அவரும் அவருடைய சகாக்களும்தானே பூட்டியவர்கள். சாவியை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே நிற்கிறவர்களோடு சேர்ந்து கதவைத் தட்டுகிற காட்சி இது. தடையை நீக்கும் மசோதாக்கள் இரு கட்சிக்காரர்களாலும் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டன; நிறைவேறவில்லை. ‘சட்டமன்ற ராஜதந்திரம்’ என்று பத்திரிகைகள் கொண்டாடியதில் பெரும்பகுதி இந்தத் தட்டல்தான்.

அந்தத் தீவின் வரலாற்றையே இவர்களது பெயர்களால் எழுதிவிடலாம். 1898இல் டெல்லர் திருத்தம், கியூபாவை இணைத்துக்கொள்ளமாட்டோம் என்று வாக்களித்தது. டெல்லர் பீட்ரூட் சர்க்கரை விளையும் கொலராடோவின் செனட்டர், போட்டிச் சர்க்கரை உள்ளே வராமலிருக்கத்தான் அந்த உத்தமம் என்று சொல்வாருண்டு. 1901இல் பிளாட் திருத்தம், எப்போது வேண்டுமானாலும் தலையிடலாம் என்று கியூப அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதவைத்தது. அதுவும் ஒரு நிதி மசோதாவோடு ஒட்டவைக்கப்பட்டதுதான், ராணுவத்துக்கானது. பிறகு 1992இல் டோரிசெல்லி, 1996இல் ஹெல்ம்ஸும் பர்ட்டனும். இந்தக் கடைசிச் சட்டம், கியூபாவில் அமையும் இடைக்கால அரசில் இரண்டு பேர் இருக்கக்கூடாது என்று பெயர் சொல்லி விதிக்கிறது: ஃபிடல் காஸ்ட்ரோ, ரவுல் காஸ்ட்ரோ. பகைமை ஒரு சட்டவாசகமாகும்போது அதற்குச் சாவு கிடையாது போலும். ஃபிடல் 2016இல் இறந்தார். சட்டத்தில் அவர் பெயர் இருந்தது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போனால் என் வாதம் சுத்தமாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். வெர்மான்ட் செனட்டர் பாட்ரிக் லீஹி. அமெரிக்கச் சிறையில் ஆயுள் தண்டனையிலிருந்த கியூப உளவாளி ஜெரார்டோ ஹெர்னாண்டசின் மனைவி, தனக்கு வயதாகிறது, ஒரு குழந்தை வேண்டும் என்று லீஹி தம்பதியைச் சந்தித்துக் கேட்டார். லீஹியின் அலுவலகம் செயற்கைக் கருத்தரிப்புக்கு ஏற்பாடு செய்துகொடுத்தது. கியூபச் சிறையிலிருந்த அமெரிக்கர் ஆலன் கிராஸின் நிலைமையும் கொஞ்சம் இளகியது. 2014 டிசம்பர் 17 அன்று கிராஸை அழைத்துவரப் போன விமானத்தில் லீஹியும் செனட்டர் ஜெஃப் ஃபிளேக்கும் இருந்தார்கள். அதே நாளில் ஹெர்னாண்டஸ் விடுதலையானார், ஒபாமாவும் ரவுலும் உறவு மீட்பை அறிவித்தார்கள். சில வாரங்களில் பெண் குழந்தை பிறந்தது.

இந்த உதவி நடந்தபோது அதைப்பற்றி ஒரு பேட்டிகூட வெளியே வரவில்லை. விற்க எதுவும் இல்லை. அந்த அறிவிப்பும் தடையை நீக்கவில்லை, நீக்க முடியாது. 1996 அங்கேயே இருந்தது. 2015இல் தூதரகங்கள் திறந்தன. 2019இல் ட்ரம்ப் அதே ஹெல்ம்ஸ்-பர்ட்டனில் தூங்கிக்கொண்டிருந்த மூன்றாம் பகுதியை எழுப்பிவிட்டார். புரட்சியில் பறிபோன சொத்துகளுக்காக அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குத் தொடுக்க வழி பிறந்தது. 2025 ஜனவரி 14 அன்று பைடன், பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து கியூபாவை எடுப்பதாக அறிவித்தார். ஆறே நாளில் ட்ரம்ப் அதை ரத்து செய்தார்.

பல்லடத்துக்காரருக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப தடையும் இருக்குது, யாவாரமும் நடக்குது” என்றார். ஆமாம் என்றேன். “பணத்த முன்னாலயே வாங்கிக்கறாங்கன்னா விக்கறவனுக்கு நட்டமே இல்லீங்களே. அவன் எதுக்குங்க தடைய எடுக்கோணும்னு அடம்பிடிக்கப் போறான்?”

கடன் கொடுத்தால் இன்னும் நிறைய விற்கலாமே, அதற்காகத்தான் என்றேன். அரிசியை வியட்நாம் கடனுக்குத் தருகிறது, அந்தச் சந்தை அர்கன்சா நெல்லுக்காரர்களின் கையைவிட்டுப் போனது என்றும் சொன்னேன்.

“கடனுக்குங்களா?” என்று சிரித்தார். அவருக்கு வரவேண்டிய பாக்கி நிறைய இருக்கிறது.